எழுதியவர் கைவிட்ட நிரல்

கணிப்பொறி நிரல் துருப்பிடிப்பதில்லை. கரையான் அரிப்பதும் இல்லை. 1992-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஒரு நிரலைப் பத்திரமாக வைத்திருந்தால், அதில் ஓர் எழுத்துக்கூட இன்றுவரை மாறியிருக்காது. ஆயினும் அதை இன்றைய கணிப்பொறி ஒன்றில் இட்டு ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஓடாது. ஏன்?

நிரல் மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த உலகம் மாறிவிட்டது. எந்த நிரலும் தனியாக வேலை செய்வதில்லை. திரையில் ஓர் எழுத்தைக் காட்டுவதற்கும், ஒரு கோப்பைத் திறப்பதற்கும், அது இயக்க அமைப்பின் உதவியை நாடுகிறது. எம்.எஸ்.டாஸ் காலத்து 16 பிட் நிரல்களை இன்றைய 64 பிட் விண்டோஸ் ஏற்றுக்கொள்வதே இல்லை. அக்காலத்து ஆய்வகங்களில், அச்சுப்பொறியை இணைக்கும் துளையின் வழியாகவே வெப்பநிலை போன்ற அளவீடுகளைக் கணிப்பொறிக்குள் வாங்கும் நிரல்கள் பல இருந்தன. இன்று கடையில் வாங்கும் கணிப்பொறியில் அந்தத் துளையே இல்லை!

நிரலை எழுதியவர் பக்கத்தில் இருக்கும்வரை இது பெரிய தொல்லையன்று. உலகம் கொஞ்சம் நகரும்போது அவரும் நிரலைக் கொஞ்சம் நகர்த்திவைப்பார். ஆனால் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால்? ஓய்வு பெற்றுவிட்டால்? அவர் வேலை செய்த நிறுவனமே மூடப்பட்டுவிட்டால்? நிரல் அனாதையாகிவிடுகிறது. அதை நம்பியிருப்பவர்களோ எங்கும் போய்விடவில்லை. அவர்கள் சேர்த்துவைத்த கணக்குகள், வரைபடங்கள், அளவீடுகள் எல்லாம் அந்த நிரலுக்கு மட்டுமே புரியும் வடிவத்தில் அடைபட்டுக் கிடக்கின்றன. பெட்டி இருக்கிறது, சாவிக்காரர் இல்லை!

இப்படிக் கைவிடப்பட்ட நிரலை மற்றொருவர் எடுத்து உயிர்ப்பிக்க முடியுமா? முடியும். ஆனால் அதற்குச் சில பொருள்கள் கையில் இருந்தாக வேண்டும்.

புள்ளி அழிந்த கோலம்

முதலாவது, மூல நிரல். மனிதன் படிக்கக்கூடிய மொழியில், சொற்களும் சமன்பாடுகளும் விளக்கக் குறிப்புகளுமாக எழுதப்படுவது மூல நிரல். கம்பைலர் என்னும் மொழிமாற்றி நிரல் இதைக் கணிப்பொறிக்குப் புரியும் 0, 1 வரிசையாக மாற்றுகிறது. நாம் விலை கொடுத்து வாங்கும் நிரல்களில் பல இந்த இரண்டாவது வடிவத்தில்தான் வருகின்றன.

மார்கழி மாதத்துச் சிக்குக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கோலம் முடிந்த பின் புள்ளிகளையெல்லாம் அழித்துவிட்டால், வளைகோடுகள் மட்டும் எஞ்சும். கோலம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் எத்தனை புள்ளி, எத்தனை வரிசை, கோட்டை எங்கே தொடங்கினார்கள் என்று கேட்டால் சொல்வது கடினம். இன்னும் இரண்டு வரிசை சேர்த்துப் பெரிதாக்கு என்றால் கேட்கவே வேண்டாம். இயந்திர வடிவத்தில் உள்ள நிரல் இத்தகையதே.

மூல நிரல் கிடைத்தாலும் எல்லாம் விளங்கிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு சிறு எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஓர் ஆய்வகத்தில், தனி ஊசலின் அலைவு நேரத்தைக் கணக்கிடும் பழைய நிரல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். எழுதியவர் இப்போது இல்லை. நிரலைத் திறந்தால் முக்கியமான வரி இவ்வளவுதான்: ‘நீளத்தை 4.0354 ஆல் பெருக்கு, வர்க்கமூலம் எடு.’ வேறு விளக்கம் எதுவும் கிடையாது.

இந்த 4.0354 எங்கிருந்து வந்தது? ஊசலின் சமன்பாடு உங்களுக்குத் தெரியும். அலைவு நேரத்தின் வர்க்கம் என்பது, இருமடங்கு பையின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கிப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தது. இருமடங்கு பையின் வர்க்கம் 39.478. இதைப் பாடநூலில் உள்ள 9.81 ஆல் வகுத்துப் பாருங்கள், 4.0243 கிடைக்கும். 9.8 ஆல் வகுத்தால் 4.0284. இரண்டும் ஒத்துவரவில்லை. அப்படியானால் நிரலை எழுதியவர் தவறு செய்துவிட்டாரா? அவசரக்காரர் ஒருவர் இந்த இடத்தில் எண்ணைத் ‘திருத்தி’விட்டுப் போய்விடுவார்.

சற்றுப் பொறுங்கள். தலைகீழாகக் கணக்கிடுவோம். 39.478 ஐ 4.0354 ஆல் வகுத்தால் 9.783 வருகிறது. பூமி சுழல்வதாலும், நிலநடுக்கோட்டருகே சற்றுப் பருத்திருப்பதாலும், புவியீர்ப்பு முடுக்கம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. துருவங்களில் அது 9.832, நிலநடுக்கோட்டில் 9.780. சென்னை இருக்கும் 13 பாகை அட்சரேகைக்கு ஏறத்தாழ 9.783! நிரலை எழுதியவர் பாடநூல் எண்ணை எழுதாமல், தம் ஊருக்குரிய எண்ணை எழுதியிருக்கிறார். அதை ஏன் ஒரு வரியில் குறித்துவைக்கவில்லை என்று அவர்மேல் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அவர் கணக்கு சரி.

வித்தியாசம் மிகச் சிறிது என்கிறீர்களா? 1 மீட்டர் ஊசலுக்கு இந்த நிரல் 2.0088 விநாடி என்று சொல்லும்; ‘திருத்தப்பட்ட’ நிரல் 2.0061 விநாடி என்று சொல்லும். 100 அலைவுகளுக்கு 0.28 விநாடி வேறுபாடு. நிறுத்து கடிகாரத்தைக் கையால் அழுத்தும்போது ஏற்படும் நம் தாமதமும் ஏறத்தாழ இந்த அளவுதான் என்பதால், பலர் கண்ணுக்கு இது தப்பிவிடக்கூடும். ஒளிக்கற்றையைக் கொண்டு நேரத்தை அளக்கும் கருவியில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

இது ஒரே ஒரு வரி. ஆயிரக்கணக்கான வரிகள் உள்ள நிரலில் இத்தகைய மர்ம எண்கள் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிறர் எழுதிய நிரலைப் படிப்பது துப்பறியும் வேலைக்கு ஒப்பானது.

மூல நிரலின் பெருமையை அறிய, அது போதிய விளக்கமின்றிப் போன ஓர் இடத்தைப் பார்க்கலாம். 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம், 2023 நவம்பரில் பொருளற்ற குறிகளை அனுப்பத் தொடங்கிற்று. கலத்தின் கணிப்பொறிகளை வடிவமைத்தவர்களில் பலர் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டனர். பொறியாளர்கள் பல ஆண்டுப் பழமையான தாள்களைப் புரட்டிப் புரட்டிப் படிக்க வேண்டியிருந்தது. 2024 மார்ச்சில் கலம் தன் நினைவகத்தின் முழு உள்ளடக்கத்தையும் திருப்பி அனுப்பியது. அதைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டபோது, அளவீடுகளைத் தொகுத்து அனுப்பும் கணிப்பொறியின் நினைவகத்தில் ஏறத்தாழ 3 சதவிகிதம் பழுதாகியிருப்பது தெரிந்தது. அங்கிருந்த ஆணைகளை வேறிடத்துக்கு மாற்றலாம் என்றால், முழுவதையும் ஏற்கும் அளவுக்கு ஒரே காலியிடம் எங்கும் இல்லை. ஆகவே ஆணைகளைத் துண்டு துண்டாக்கி வெவ்வேறு மூலைகளில் வைத்து, ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு வழிகாட்டும் முகவரிகளையும் மாற்றினார்கள். ஏப்ரல் 18-இல் அனுப்பிய ஆணை 2,400 கோடி கிலோமீட்டரைக் கடக்க 22½ மணி நேரம் ஆயிற்று. பதில் வர மறுபடியும் 22½ மணி. ஏப்ரல் 20-இல் கலம் மீண்டும் ஒழுங்காகப் பேசியது!

உரிமை யாருடையது?

மூல நிரல் கையில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே திருத்தத் தொடங்கிவிடலாமா? கூடாது. கதை, கவிதைக்கு உள்ளது போலவே நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு. எழுதியவர் கைவிட்டுவிட்டார் என்பதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது. நிறுவனம் மூடப்பட்டாலும், உரிமை அதன் முதலீட்டாளர்களிடமோ கடன் கொடுத்தவர்களிடமோ போய்ச் சேரும். அவர்கள் அதை ஓர் அலமாரியில் பூட்டிவைத்து மறந்தேவிடலாம். நல்ல நிரல்கள் பல மாண்டதற்கு இதுதான் காரணம் என்பேன்.

இந்தப் பூட்டைத் திறந்த கதை ஒன்று உண்டு. பிளெண்டர் என்பது முப்பரிமாண உருவங்களை அமைத்து அசையச் செய்யும் நிரல். நெதர்லாந்தைச் சேர்ந்த டோன் ரோசண்டால் என்பவர் 1994-இல் அதைத் தம் அசைபட நிறுவனத்துக்காக எழுதத் தொடங்கினார். 1998-இல் அதற்கென்றே ஒரு நிறுவனம் தோன்றியது. முதலீட்டாளர்கள் பணம் போட்டார்கள், ஆள்கள் சேர்ந்தார்கள், விற்பனைதான் எதிர்பார்த்தபடி இல்லை. 2002-இன் தொடக்கத்தில் முதலீட்டாளர்கள் நிறுவனத்தை மூடினார்கள். பிளெண்டரைப் பயன்படுத்திவந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். நிரலை எழுதியவர் உயிரோடு இருக்கிறார். வேலை செய்யவும் ஆவலோடு இருக்கிறார். ஆனால் தாம் எழுதிய வரிகளைத் தொட அவருக்கே உரிமை இல்லை!

ரோசண்டால் முதலீட்டாளர்களோடு பேசினார். 1,00,000 யூரோ கொடுத்தால் மூல நிரலை விட்டுக்கொடுப்பதாக அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். 2002 ஜூலை 18-இல் அவர் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டார். தனித்தனி ஆள்களிடம் சிறுசிறு தொகையாக அவ்வளவு பணம் சேரும் என்று எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்? ஏழே வாரங்களில் சேர்ந்துவிட்டது. அக்டோபர் 13-இல் பிளெண்டரின் மூல நிரல் வெளியாயிற்று, அதுவும் ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின் கீழ். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம்; ஆனால் மாற்றிக் கொடுப்பவர், தாம் மாற்றிய மூல நிரலையும் அதே உரிமைகளோடு கொடுத்தாக வேண்டும் என்பது அந்த உரிமத்தின் சாரம். இனி எந்த நிறுவனம் மூடப்பட்டாலும் நிரலைப் பூட்ட முடியாது.

லாட்வியா நாட்டில் உருவான ‘ஃப்ளோ’ என்ற அசைபடம் இந்தப் பிளெண்டரைக் கொண்டே தயாரிக்கப்பட்டது. சிறந்த அசைபடத்துக்கான ஆஸ்கர் பரிசு 2025-இல் அதற்குக் கிடைத்தது. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ கணிப்பொறி இருந்தால், அதே நிரலை நீங்களும் ஒரு காசு செலவின்றி இறக்கிப் பயன்படுத்தலாம்.

சுழிப் பிழையும் நிரலும்

மூல நிரலும் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது. இனி வேலையைத் தொடங்கலாம். முதல் வேலை, எதையும் மாற்றாமல் அதை ஓட்டிப் பார்ப்பது. இது சொல்வதற்கு எளிது. பழைய நிரலுக்குப் பழைய கம்பைலர் வேண்டும். அதற்குப் பழைய இயக்க அமைப்பு வேண்டும். பழைய கணிப்பொறி கிடைக்காவிட்டால், புதிய கணிப்பொறிக்குள்ளேயே பழையதைப் போல ‘நடிக்கும்’ நிரல்கள் உண்டு. எம்.எஸ்.டாஸ் நிரல்களுக்கு டாஸ்பாக்ஸ் என்பது அப்படிப்பட்ட நடிகர்.

ஓடத் தொடங்கியதும் என்ன செய்ய வேண்டும்? திருகு அளவியைக் கையில் எடுத்ததும் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அதன் இரு முகங்களையும் ஒட்டவைத்துச் சுழிப் பிழை உண்டா என்று பார்க்கிறீர்கள் அல்லவா? பிழை இருந்தால் சுத்தியலை எடுத்துத் தட்டுவதில்லை, குறித்துக்கொள்கிறீர்கள். நிரலிலும் அதுவே முறை. பல வகையான உள்ளீடுகளைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன விடை வருகிறது என்று எழுதிவைக்க வேண்டும். தவறான விடை வந்தாலும் அப்படியே எழுதிவைக்க வேண்டும். ஏனெனில் அந்தத் தவறையே நம்பி வேறொரு நிரல் எங்கோ ஓடிக்கொண்டிருக்கலாம்.

இந்தப் பட்டியல் தயாரானதும், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஒவ்வொரு முறையும் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்து விடை மாறினால், எதனால் மாறியது என்று எப்படிச் சொல்வீர்கள்? ஓம் விதிச் சோதனையில் மின்னழுத்தத்தையும் கம்பியையும் சேர்த்து மாற்றுவது போன்றதே அது.

‘இந்தப் பழைய குப்பையை ஏன் கட்டி அழ வேண்டும்? புதிதாகவே எழுதிவிடலாமே’ என்ற ஆசை எல்லாருக்கும் வரும். கெட்டிக்காரர்களுக்குச் சற்று அதிகமாகவே வரும். நெட்ஸ்கேப் என்ற புகழ்பெற்ற நிறுவனம் தன் உலவி நிரலின் பெரும்பகுதியை 1998-இல் அப்படி ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கிற்று. அடுத்த பெரிய பதிப்பு வெளிவர 2000 நவம்பர் ஆயிற்று. அதற்குள் போட்டியாளர் சந்தையைப் பிடித்துவிட்டார். பழைய நிரலில் உள்ள அவலட்சணமான வரி ஒவ்வொன்றும், எப்போதோ யாருக்கோ நேர்ந்த ஒரு தொல்லையைத் தீர்த்த வரியாக இருக்கலாம். நம் 4.0354 ஐப் போல.

உதவிக்கு வந்த அந்நியர்

இதுவரை, காப்பாற்ற வருபவர் நல்லவர் என்றே வைத்துக்கொண்டு பேசிவிட்டோம். அப்படி இல்லாவிட்டால்?

எக்ஸ்.இசட். என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு நிரல். லினக்ஸ் கணிப்பொறிகளில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் அது உண்டு. உலகின் பெரிய வழங்கிக் கணிப்பொறிகள் பல லினக்ஸில் ஓடுபவை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை பேர் நம்பியிருந்த அந்த நிரலைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவந்தவர் ஒரே ஒருவர். லாசே காலின் என்ற பின்லாந்துக்காரர். சம்பளம் ஏதுமில்லை, பொழுதுபோக்காகச் செய்துவந்தார். 2022-இல், வேலை மெதுவாக நடக்கிறது, வேறொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று சிலர் அவரை நெருக்கினார்கள். அதற்குமுன் 2021-இலிருந்தே, ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக உதவிசெய்து வந்தார். நல்ல திருத்தங்கள்தாம். நம்பிக்கை வளர்ந்தது, புதிய பதிப்புகளை வெளியிடும் பொறுப்பும் மெல்ல அவர் கைக்கு வந்தது.

2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளியான 5.6.0, 5.6.1 என்ற பதிப்புகளில் ஒரு திருட்டுக் கதவு இருந்தது. அதற்குரிய சாவியை வைத்திருப்பவர், வெளியிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைந்து எந்த ஆணையையும் நிறைவேற்றலாம். அதை ஒளித்துவைத்த இடம்தான் வியப்புக்குரியது. சுருக்கும் நிரலைச் சோதிக்க, வேண்டுமென்றே கெடுக்கப்பட்ட கோப்புகள் சில அதனோடு இருப்பது வழக்கம். யாரும் அவற்றைத் திறந்து படிப்பதில்லை, படித்தாலும் புரியாது. கெட்ட சரக்கை அங்கேதான் வைத்திருந்தார்கள்!

அது எப்படி வெளிப்பட்டது தெரியுமா? ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் வேறு ஏதோ ஒரு நிரலின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைவதற்கான நிரல், வழக்கத்துக்கு மாறாக மையச் செயலகத்தைத் தின்பதைக் கண்டார். நேரத்தை அளந்தார். முன்பு 0.299 விநாடி, இப்போது 0.807 விநாடி. வேறுபாடு அரை விநாடி. மற்றவராக இருந்தால் தோளைக் குலுக்கிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். அவர் விடவில்லை, அந்த அரை விநாடி எங்கே போகிறது என்று தேடித் தேடி எக்ஸ்.இசட். வரை வந்துவிட்டார்.

ராலே பிரபு 1890-களில் செய்ததும் இதுதானே? காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், வேதிப்பொருள்களிலிருந்து தயாரித்த நைட்ரஜனைவிட அரை சதவிகிதம் கனமாக இருந்தது. அந்த அரை சதவிகிதத்தை அவர் விடாமல் துரத்தியதால்தான் 1894-இல் அவரும் ராம்சேயும் ஆர்கானைக் கண்டுபிடித்தார்கள்.

ஃபிராய்ண்ட் தாம் கண்டதை 2024 மார்ச் 29-இல் உலகுக்கு அறிவித்தார். கெட்ட பதிப்புகள் அப்போது சில லினக்ஸ் வகைகளின் சோதனைப் பதிப்புகளில்தான் நுழைந்திருந்தன. பெருவாரியானோர் பயன்படுத்தும் நிலையான பதிப்புகளை எட்டியிருக்கவில்லை. இன்னும் சில மாதங்கள் கவனியாமல் விட்டிருந்தால் எட்டியிருக்கும்.

அதன்பின் காலின் திரும்பிவந்தார். ஜியா டான் செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசோதித்தார். அந்த மர்மச் சோதனைக் கோப்புகள் நீக்கப்பட்டன. 2024 மே மாதத்தில் 5.6.2 என்ற பதிப்பை அவர் வெளியிட்டார்.